ரோட்டுக்குத் தட்டு வச்சு அழைச்ச கதை

இதை நான் ஒழுங்கா சொல்லுவேனான்னு எனக்கே பயமா இருக்குது. எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். எதைச் சொல்ல வந்தாலும் நடுவுலேருந்துதான் ஆரம்பிப்பேன். முடிவை முன்னாடி சொல்லிடுவேன், முக்கியமானதை மறந்துடுவேன். "அம்மா, நீ கதை சொன்னா கேக்கிறவங்க பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி முழிக்கிறாங்க"ன்னு என் பொண்ணு அபி சொல்லுவா.

போதாததுக்கு, நான் எதையாவது தப்பா எழுதி, நாளைக்கு யாராவது வந்து "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட"ன்னு வாசல்ல நின்னா? அதனால ஊர்ப் பேரை விட்டுட்டேன். வில்லியனூர் தாண்டி ஒரு ஊருன்னு வச்சுக்குங்க.

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நாலஞ்சு வீட்டுக்குப் போய், "ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மீட்டிங், வந்துடுங்க"ன்னு சொல்லிட்டு வரணும்.

அவ்ளோதான்!

எதுக்கு மீட்டிங்குன்னா, எங்க அப்பா விட்டுட்டுப் போன நிலம் ஒண்ணு அங்க இருக்குது. எனக்கும் என் தம்பி குமாருக்கும் பொது. மணிலாக் கடலை போட்டுப் பார்த்தோம், சவுக்கு வச்சுப் பார்த்தோம், கடைசியில ஒண்ணும் வைக்காம முள்ளு வளர்த்தோம். அதை நாமளே மனையா பிரிச்சா என்னன்னு குமாருக்கு ஒரு யோசனை.

ஒரு புரோக்கர் மொத்தமா கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்குக் குடுத்துட்டா கதை முடிஞ்சுது, கையில கொஞ்சம் காசு, அவ்ளோதான். நாமளே பிரிச்சா, வித்தது போக, கிழக்கு பார்த்த மூலை மனை எனக்குன்னு குமாரு சொல்லிட்டான்.

அந்த மூலை மனைக்காக நான் என்ன வேணாலும் செய்வேன். நாங்க முத்தியால்பேட்டையில வாடகை வீட்டுல இருக்கோம். செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட மேல்வீட்டு அம்மாகிட்ட கேட்டுட்டு அடிக்கணும். கேட்டா, "எதுக்கு ஆணி? கீழ வச்சுக்கக் கூடாதா?"ன்னுவாங்க. காலண்டரைக் கீழ வச்சுப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

குமாரு பிளானிங் ஆபீஸ்ல போய் விசாரிச்சான். அங்க இருந்த மேடம் நல்லபடியா சொல்லியனுப்பினாங்களாம்.

"எடுத்தவுடனே பெரிய பிளானா போட்டு எடுத்துட்டு வராதீங்க. முதல்ல அந்த இடத்துல வீடு கட்ட அனுமதி உண்டான்னு பாருங்க. அளந்து கச்சாவா ஒரு படம் போடுங்க. ரோடு எங்க வருது, மழைத் தண்ணி எங்க போவுது, பூங்காவுக்கு எங்க இடம் விடுறீங்கன்னு குறிச்சுக்குங்க. அதைப் பக்கத்து நிலத்துக்காரங்ககிட்ட காட்டிப் பேசிட்டு வாங்க. எல்லாம் முடிச்சப்புறம் சண்டையோட வந்து நிக்காதீங்க."

சிக்கல் ரோட்டுலதான். எங்க நிலத்துக்குப் போற வழி ஒரு மாட்டு வண்டி போற அகலம். எதிர்ல ஆடு வந்தாலே வண்டி பின்னாடி போவணும். மனை போடுறதுக்கு அது பத்தாது. பக்கத்து நிலம் ஏழுமலை அண்ணனோடது. அவரு ஓரமா ஒரு கீத்து விட்டுக் குடுத்தாதான் ரோடு. அவரு "முடியாது"ன்னா ரோடும் இல்ல, மூலையும் இல்ல, புரோக்கர்தான்.

ஏழுமலை அண்ணன் எங்க அம்மா வழியில எனக்கு அண்ணன் முறை. என் பொண்ணு அபிக்குத் தாய்மாமன் முறை. தங்கமான மனுஷன். கோவம் மட்டும் சீக்கிரம் வரும். சில சமயம் காரணம் வர்றதுக்கு முன்னாடியே வந்துடும்.

"அக்கா, நான் போய்க் கூப்பிட்டா 'ரியல் எஸ்டேட் பண்ண வந்துட்டான்'னு பேசுவாங்க. நீ போ. உன்னை எல்லாருக்கும் புடிக்கும். 'ரோடு விஷயமா உக்காந்து பேசறோம், வாங்க'ன்னு சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை"ன்னான் குமாரு.

ரெண்டு நிமிஷ வேலைன்னு யாராவது சொன்னாலே எனக்கு நம்பிக்கை போயிடும்.

உக்காந்து யோசிச்சேன். நிலம் சம்பந்தமா ஒருத்தர் வீட்டுக்குப் போறோம். வெறுங்கையோட போவலாமா? நல்லதா? அதனால பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சேன். வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, குங்குமச் சிமிழ். பார்க்க மொட்டையா இருந்துது. மேல ரெண்டு ரோஜாவை வச்சேன்.

அப்புறம் இன்னொரு பயம். "மனை போடப் போறோம்"னு வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்டுடாதா? இன்னும் ஒண்ணுமே ஆவல! அதனால விஷயத்தைச் சொல்லாம கூப்பிடறதுன்னு முடிவு பண்ணினேன். வந்தப்புறம் அங்க சொல்லிக்கலாம்.

பட்டுப் புடவை கட்டல. பட்டு மாதிரி ஒண்ணு கட்டினேன். தலையில பூ வச்சேன். தாம்பாளத்தை ஏந்திக்கிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல!

முதல் வீடு சரோஜா அக்கா வீடு. எங்க நிலத்தை ஒட்டின வீடு. அவங்ககிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. தட்டைப் பார்த்ததும் அவங்க கண்ணு ரெண்டும் விளக்கு ஏத்தின மாதிரி ஆச்சு.

"வாடி வசந்தா! உக்காரு, உக்காரு! என்னா விசேஷம்?"

"ஞாயித்துக்கிழமை காலைல நம்ம நிலத்துல ஒரு நல்ல காரியம்க்கா. நீங்க கட்டாயம் வரணும்."

"அபிக்கு இப்ப என்ன வயசு ஆவுது?"

"இருபத்தாறு முடிஞ்சுதுக்கா." சும்மா விசாரிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சா?"

"எங்கக்கா! அன்னைக்குத்தான் எல்லாரும் உக்காந்து பேசணும். பிரான்சுவான்னு ஒரு பையன் வர்றான். அவன் பார்த்து சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு."

பிரான்சுவா எங்களுக்கு அந்தக் கச்சாப் படம் வரைஞ்சு குடுக்கிற இன்ஜினியர். டவுன்காரப் பையன். கிறிஸ்தவங்க. அதை நான் சொல்லல. சொன்னா மனைன்னு தெரிஞ்சு போயிடுமே!

சரோஜா அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "பிரான்சுவாவா? நேஷனாலிட்டியா?"

நம்ம புதுச்சேரியில இப்படிக் கேட்டா பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்குதான்னு அர்த்தம். இன்ஜினியருக்கு அது எதுக்குன்னு எனக்குத் தோணணும் இல்ல? தோணல.

"அவங்க அப்பாவுக்கு இருக்குதுன்னு நினைக்கிறேன்க்கா"ன்னேன்.

"மவராசி"ன்னு என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. மீட்டிங்குக்கு ஆள் கூப்பிடறவளுக்கு இவ்ளோ மரியாதையான்னு எனக்கே கூச்சமாப் போச்சு.

அடுத்தது ஏழுமலை அண்ணன். ஈஸி சேர்ல சாஞ்சிருந்தவரு தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்னாரு. மூஞ்சி இறுகிப் போச்சு.

"இவ்ளோ பெரிய விஷயம். இப்பத்தான் சொல்றியா?"

நல்லவேளை, இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். குமாரு அளக்க வந்தப்போ பார்த்திருப்பாரு.

"உங்ககிட்ட சொல்லாம இருப்பமாண்ணே? நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது."

"முன்னாடியே சொல்லியிருந்தா நானே நல்ல ஆளாப் பார்த்திருப்பேன். டவுன் ஆளுங்களை எப்படி நம்பறது?"

வேற இன்ஜினியரைத் தெரியும் போலன்னு நினைச்சேன். "இந்தப் பையனும் நல்லவன்தாண்ணே. குமாரு விசாரிச்சுட்டான்"ன்னேன்.

அவரு வெத்தலையை எடுத்துக்கிட்டாரு. கதவை மட்டும் கொஞ்சம் சத்தமா சாத்தினாரு.

மீதி வீடுகள்ல வேலையே இல்ல. நான் போறதுக்கு முன்னாடியே செம்புல தண்ணியோட வாசல்ல நின்னாங்க. சரோஜா அக்கா போன் என்னோட காலை விட வேகமில்லையா!

வீட்டுக்கு வந்து, "எல்லாரும் சந்தோஷமா வர்றேன்னுட்டாங்க"ன்னு குமார்கிட்ட சொன்னேன். "பார்த்தியா, ஜனங்களுக்கு ரோடு எவ்ளோ தேவையா இருக்குது!"ன்னு அவன் நெகிழ்ந்து போயிட்டான்.

அதோட விட்டிருக்கலாம். எனக்கு அடுத்த கவலை வந்துடுச்சு. வர்றவங்களை வெயில்ல நிக்க வைக்கிறதா? ஷாமியானா சொன்னேன். வெறும் டீ குடுக்கிறதா? கேசரி, போண்டா சொன்னேன். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "ஜமாய்ச்சுடலாம்மா"ன்னாரு. ஷாமியானாக்காரர் எங்கேயோ கேள்விப்பட்டுட்டு, கேக்காமலே ரெண்டு வாழைமரத்தைக் கொண்டாந்து நுழைவுல கட்டிட்டாரு. "என்னோட அன்பளிப்பு"ன்னாரு. நல்லாத்தானே இருக்குதுன்னு விட்டுட்டேன்.

அபி சுடிதார்ல கிளம்பினா. அவ ஒரு மருந்துக் கடையில கணக்குப் பார்க்கிறா. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. "நாலு பேரு வர்ற இடம்டி, அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டு"ன்னு வம்பு பண்ணிக் கட்ட வச்சது நான்தான். "மீட்டிங்குக்கு எதுக்கும்மா பட்டு?"ன்னா. "பேசாம கட்டு"ன்னேன்.

எல்லாம் நான்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வழியே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல ஜனம் வர ஆரம்பிச்சுது. நாலஞ்சு வீட்டைத்தான் கூப்பிட்டேன். வந்தது ஒரு தெருவே! பொம்பளைங்க எல்லாம் பட்டு. ஆம்பளைங்க எல்லாம் கஞ்சி போட்ட வேட்டி. கையில கிஃப்ட் பேப்பர் சுத்தின டப்பா.

"அக்கா, ரோடு மீட்டிங்குக்கு எதுக்கு கிஃப்டு?"ன்னு குமாரு என் காதுல கேட்டான்.

"ஊர்ல இப்படித்தான் போல"ன்னேன்.

பிரான்சுவா பைக்ல வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, தோள்ல படம் சுருட்டி வைக்கிற நீளமான குழாய். ஹெல்மெட்டைக் கழட்டினதுதான் தாமசம், சரோஜா அக்கா ஆரத்தித் தட்டோட குறுக்க வந்துட்டாங்க!

மூணு சுத்து சுத்தி நெத்தியில பொட்டும் வச்சுட்டாங்க. அந்தப் பையன் என்னைப் பார்த்து, "அக்கா, நான் எவ்வளவோ சைட்டுக்குப் போயிருக்கேன், இந்த மாதிரி ஒரு மரியாதை பார்த்ததே இல்ல"ன்னான். கண்ணு லேசா கலங்கியிருந்துது.

பெருமையா இருந்துது எனக்கு.

அவனை நடு நாற்காலியில உக்கார வச்சாங்க. பக்கத்து நாற்காலியில அபியை இழுத்து உக்கார வச்சாங்க. அபி, படத்தை எடுத்துக் குடுக்கத்தான் தன்னை உக்கார வைக்கிறாங்கன்னு நினைச்சு உக்காந்துட்டா. பெரியவங்க சுத்தி நின்னு விசாரணையை ஆரம்பிச்சாங்க.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"டவுன்தாங்க. ரயில்வே ஸ்டேஷன் பக்கம்."

"சொந்த வீடா?"

"ஆமாங்க, அப்பா கட்டினது."

"பாஸ்போர்ட்டு?"

இன்ஜினியரோட தகுதியைப் பார்க்கிறாங்கன்னு அவனும் அடக்கமா பதில் சொன்னான். "அப்பாதுதாங்க பிரெஞ்சு. எனக்குப் பேப்பர் போட்டிருக்கோம், வந்துடும்."

கூட்டத்துல ஒரு பெருமூச்சு. "வந்துடுமாம், வந்துடுமாம்"னு பின்வரிசை வரைக்கும் போச்சு.

"எங்க பொண்ணைப் புடிச்சிருக்கா?"ன்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க. அதே நேரத்துல ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் ஆரம்பிச்சுது. அவன் காதுல எது விழுந்துதோ, சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டான்.

ஸ்பீக்கரும் ஷாமியானாக்காரர் அன்பளிப்புதான்!

நாதஸ்வரத்தைக் கேட்டதும்தான் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ இடறுச்சு. ரோட்டுக்கு எதுக்கு நாதஸ்வரம்? சரோஜா அக்காவைப் பார்த்தேன். அவங்க அபி நெத்திச்சுட்டியைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அபிக்கு ஏது நெத்திச்சுட்டி? அக்காவே வீட்டுலேருந்து கொண்டாந்திருக்காங்க!

இவங்க நிச்சயத்துக்கு வந்திருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். அப்பத்தான் ஏழுமலை அண்ணன் வந்தாரு.

நாற்காலி போட்டாங்க. உக்காரல. டீ நீட்டினாங்க. வாங்கல. நடுவுல வந்து நின்னாரு.

"தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா? முடிவு பண்ணிட்டு, ஊரைக் கூட்டிட்டு, கடைசியில எனக்குத் தட்டைக் கொண்டாந்து நீட்டற!"

"அண்ணே, அது வந்து..."

"பேசாத! பிரான்ஸ்னா என்ன பெரிய இதுவா? நம்ம ஜனத்துல பையனே இல்லையா?"

குமாரு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கல. என் மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணுதான். இவரு கோச்சுக்கிட்டுப் போனா என் மூலை மனை போச்சு! கல்யாணம் இல்லன்னு சொன்னா ஊரையே ஏமாத்தினேன்னு போவாரு. சொல்லலன்னா பொண்ணு போயிடும்!

இந்த நேரத்துல ஒரு ஸ்கூட்டி வந்து வாழைமரத்துக்கிட்ட நின்னுது. ஒரு பொண்ணு. முன்னாடி ஒரு குட்டிப் பையன் நின்னுக்கிட்டு இருந்தான். அவ கையில சுருட்டின பேப்பர்.

"ஏங்க! வெறும் குழாயை மாட்டிக்கிட்டு வந்துட்டீங்க! படம் டைனிங் டேபிள் மேல கிடக்குது! இவன் அதுல கலர் அடிச்சுக்கிட்டு இருக்கான்!"

குட்டிப் பையன் குதிச்சு ஓடி வந்தான். நேரா போய்ப் பிரான்சுவா மடியில ஏறினான்.

"பப்பா!"

நாதஸ்வரம் மட்டும் வாசிச்சுக்கிட்டே இருந்துது.

"இது யாரு?"ன்னாரு ஏழுமலை அண்ணன், ரொம்ப மெதுவா.

"என் பையன். அது என் ஒய்ஃப், ஸ்டெல்லா"ன்னான் பிரான்சுவா, ரொம்ப சந்தோஷமா.

அடுத்த செகண்டு அவன் காலர் அண்ணன் கையில இருந்துது. இவ்ளோ நேரம் என் மேல இருந்த கோவமெல்லாம் அப்படியே அவன் பக்கம் திரும்பிடுச்சு.

"டேய்! பொண்டாட்டி புள்ளைய வச்சுக்கிட்டு எங்க பொண்ணு கேக்குதா உனக்கு? தாய்மாமன் உயிரோட இருக்கேண்டா!"

"ஐயா! நான் படம் வரைய வந்தவன்!"

"என்கிட்டயே படம் காட்டறியா?"

சட்டை பட்டன் ஒண்ணு தெறிச்சு கேசரியில போய் விழுந்துது. நான் "அண்ணே, அண்ணே"ன்னு கத்தறேன், குரல் வரல. பயந்தா எனக்குக் காத்து மட்டும்தான் வரும்.

அபிதான் நெத்திச்சுட்டியோட எழுந்து நடுவுல பூந்தா.

"மாமா! விடுங்க மாமா! அவரு இன்ஜினியரு!"

"இன்ஜினியர்னா ரெண்டு பொண்ணு கட்டலாமா?"

"யாரு மாமா கட்டிக்கப் போறது? ரோடு போடப் படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்காரு!"

"அப்போ மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளையே இல்ல!"

"மாப்பிள்ளை இல்லாம எப்படி நிச்சயம் பண்ணுவீங்க?"

"நிச்சயமே இல்ல மாமா! எங்க அம்மா உங்களை ரோட்டுக்குக் கூப்பிட்டாங்க!"

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்துது. நான் கேசரியைப் பார்த்தேன். முந்திரி கம்மியா போட்டிருக்காங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

"ரோட்டுக்கா என்கிட்ட தட்டு நீட்டின?"ன்னாங்க சரோஜா அக்கா.

"வெறுங்கையோட வரக்கூடாதேன்னுக்கா..."

"அதை வாயால சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"கண்ணு பட்டுடுமோன்னு..."

"இப்ப மட்டும் படலியாடி?"

முதல்ல சிரிச்சது ஸ்டெல்லாதான். ஸ்கூட்டியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சா. "இதுக்குத்தான் காலைல சட்டையை நாலு தடவை மாத்தினீங்களா?"ன்னு புருஷனைக் கேட்டா. அப்புறம் ஒரு தெருவே சிரிச்சுது. ஒருத்தரு சிரிச்சு நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டாரு, நாலு பேரு தூக்கினாங்க.

ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிக்கல. காலரை விட்டுட்டு, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னாரு. அவமானம் வேற, கோவம் வேற. ரெண்டும் சேர்ந்தா அவரு நேரா வீட்டுக்குத்தான் போவாரு. ரோடும் அவரோட போயிடும்.

அவரு செருப்பைத் தேடினாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு.

ஆனா என்னை விட சத்தமா இன்னொரு அழுகை வாழைமரத்துப் பக்கத்துலேருந்து கேட்டுது. எங்க வீட்டுக்காரரு!

தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வர்றாரு. வழியில டீக்கடையில, "என்னங்க, பொண்ணுக்கு நிச்சயம், நீங்க யூனிபார்ம்ல நிக்கறீங்க"ன்னு யாரோ கேட்டிருக்காங்க. மனுஷன் ஆடிப் போயிட்டாரு. ஆனா பொண்ணைப் பெத்தவன் சும்மா வரக்கூடாதுன்னு பூக்கடையில ரெண்டு ரோஜா மாலையை வாங்கிக்கிட்டு, வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்திருக்காரு.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா வசந்தா? மாப்பிள்ளை எங்க? நல்லவரா?"

திரும்பவும் சிரிப்பு! அபி ஓடிப் போய், "அப்பா, எனக்குக் கல்யாணம் இல்லப்பா"ன்னா. அதுக்கும் அழுதாரு.

"அப்போ இந்த மாலை?"ன்னாரு, ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு.

என் பொண்ணுக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்ல. ஆனா என்னை மாதிரி இல்ல. ஒரு மாலையை வாங்கினா. செருப்புல ஒரு காலை விட்டுட்ட ஏழுமலை அண்ணன் கழுத்துல போட்டா.

"என் நிச்சயம்னு நினைச்சு எனக்காக ஒருத்தரு சட்டையைப் புடிச்சது நீங்க மட்டும்தான் மாமா. முதல் மாலை உங்களுக்குத்தான்."

இன்னொண்ணைப் பிரான்சுவாவுக்குப் போட்டா. பட்டன் போன இடம் மறைஞ்சுது.

ஒரு விஷயம் அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். கழுத்துல மாலையோட யாராலயும் கோவப்பட முடியாது. அண்ணன் மூஞ்சியை இறுக்கிப் பார்த்தாரு, நிக்கல. கையை நீட்டி அதட்டப் பார்த்தாரு, ரோஜா உதிருது. "தம்பி, சட்டைக்கு..."ன்னு பிரான்சுவாகிட்ட இழுத்தாரு.

"சட்டை கிடக்குதுய்யா. ரோடு குடுங்க"ன்னான் அந்தப் பையன்!

அண்ணன் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தாரு. "எங்க உன் படம்? விரி."

விரிச்சாங்க. மூலையெல்லாம் பச்சைக் கலர்.

"இவ்ளோ பூங்காவா?"

"அந்தக் கட்டம்தாங்க பூங்கா. மீதிப் பச்சை என் பையன்."

அண்ணன் விரலை வச்சு ஒவ்வொரு கோடா போனாரு. ஒரு இடத்துல நின்னுது. "ரோட்டுக் கோடு என் மோட்டார் கொட்டாய் மேல போவுதே! கொட்டாயை எடுக்க மாட்டேன். வளைச்சுப் போனா ஓரமா விடறேன்."

பிரான்சுவா பென்சிலை எடுத்து வளைச்சான். வளைச்சுட்டு என்னைப் பார்த்தான். குமாரும் பார்த்தான். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனா அந்த வளைவு எந்த மூலையைத் தின்னுதுன்னு தெரிஞ்சுது.

என் கிழக்கு பார்த்த மூலை. மனசுக்குள்ள அங்க வாசல் தெளிச்சுக் கோலமே போட்டு வச்சிருந்தேன். எந்தச் செவுத்துல எத்தனை ஆணின்னுகூட முடிவு பண்ணியாச்சு.

"வேற மாதிரி பார்க்கலாமாக்கா?"ன்னான் குமாரு.

எனக்கும் கேக்கணும்னுதான் இருந்துது. ஆனா மாலையோட உக்காந்திருக்கிற மனுஷன் மாலை வாடினா எப்படி இருப்பாரோ, யாரு கண்டா?

"வளைச்சுடுங்க தம்பி"ன்னேன். இந்தத் தடவ குரல் வந்துடுச்சு.

பூங்காவை ஒட்டி வடக்கு பார்த்த மனை ஒண்ணு எனக்குன்னு அங்கயே குறிச்சாங்க. வடக்கு பார்த்த செவுத்துலயும் ஆணி இறங்கும். யாரையும் கேக்க வேண்டாம்.

கேசரி ஒரு பருக்கை மிஞ்சல. பட்டன் யாருக்குப் போச்சுன்னு இன்னும் தெரியல. கிஃப்ட் டப்பாவைப் பிரிச்சா எல்லாமே சுவர்க்கடிகாரம்! திருப்பிக் குடுக்கப் போனேன். "நிஜக் கல்யாணத்துக்கு வச்சுக்க. அன்னைக்கு நாங்க வெறுங்கையோட வரோம்"னுட்டாங்க சரோஜா அக்கா. நெத்திச்சுட்டியை மட்டும் மறக்காம வாங்கிக்கிட்டாங்க.

போகும்போது ஏழுமலை அண்ணன் ஒண்ணு சொன்னாரு. "ரோட்டுக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா உங்க மனைத் தண்ணி என் நிலத்துல இறங்கக் கூடாது. வாய்க்காலுக்கு இன்னொரு நாள் எல்லாரையும் உக்கார வைங்க."

குமாரு என்னைப் பார்த்தான். "அக்கா, அதுக்கும் நீயே சொல்லிட்டு வந்துடேன்."

இந்தத் தடவ நான் ரொம்ப உஷாரு. தட்டு கிடையாது. பூ கிடையாது. தலைக்குக் குளிச்ச முடியை அப்படியே முடிஞ்சுக்கிட்டு, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, படத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கிளம்பினேன். யாரு வீட்டுக்குள்ளயும் நுழையறதில்ல, தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல, "போயிட்டு வர்றேன்"னு பேச்சை வளர்க்கிறதில்ல. கேட்டுக்கு வெளியவே நின்னு, மூஞ்சியைச் சிரிக்காம வச்சுக்கிட்டு, சுருக்கமா சொல்லிட்டுத் திரும்பிடறதுன்னு திட்டம்.

சரோஜா அக்கா வாசலுக்கு வந்தாங்க. என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்தாங்க. நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாங்க.

"ஐயோ வசந்தா! யாரு? எப்போ எடுக்கறாங்க?"

அடுத்த வீட்டுலேருந்து நான் வாயே தொறக்கல. பிரான்சுவா போட்ட படத்தை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, வாய்க்கால் கோடு தெரியற மாதிரி கேட்டுக்கு முன்னாடி நின்னேன், அவ்ளோதான்.